இன்னாசி அண்ணன் போட்ட ஸ்குரூ

உக்காருங்க தம்பி. எங்க எந்திரிச்சுட்டீங்க? பாப்பாவுக்கு வெயில் படுதுன்னா இந்தப் பக்கம் நகந்துக்கங்க, நான் அக்கட்டால போயிக்கறன். போறதுன்னா போங்க, உங்க புள்ளை, உங்க இஷ்டம். ஆனா என்கிட்ட ஒண்ணு கேட்டீங்கல்ல, அதுக்குப் பதிலைக் கேட்டுப்போட்டுப் போங்க.

"இந்த இன்னாசி செஞ்ச காலிப்பர் ஒரு கல்யாணத்துல ஒடஞ்சுபோச்சாமே, நம்பி அளவு குடுக்கலாமா"ன்னு கேட்டீங்க. யாரு சொன்னா உங்களுக்கு? முக்குப் பேக்கரிக்காரரா? சொல்லுவாரு. அவருக்கு யாரு சொன்னாங்கறதைப் பொறகு சொல்றன்.

ஒடஞ்சது நெசந்தானுங்க. என்ற சம்சாரம் நடக்கறதுக்குக் கால்ல மாட்டற காலிப்பர்தான் ஒடஞ்சுது. ருக்குமணின்னு பேரு. இப்பப் பட்டறைக்கு உள்ளதான் இருக்கறா. தொடைப் பட்டை தேஞ்சுபோச்சுன்னு இன்னாசி அண்ணன் புதுத்தோல் வெச்சுத் தெச்சுட்டு இருக்காரு. மெசின் சத்தம் கேக்குதில்லீங்க, அதுதான். அது ஓடற மட்டும் நாம பேசறது உள்ள கேக்காது. கேக்கும்னா நான் பேசவும் மாட்டன்.

என்ற பேரு சென்னியப்பன். கணபதிப் பக்கம் ஒரு பிளேட்டிங் கம்பெனில வேலை, இருவத்தாறு வருசமாச்சு. பிளேட்டிங்னா இரும்புக்கு முலாம் ஏத்தறதுங்க. வண்டி ஹேண்டில்பார், பாத்ரூம் குழாய், ஆஸ்பத்திரிக் கட்டிலு, பளபளன்னு இருக்குதில்ல, அதெல்லாம் எங்க தொட்டில முங்கி எந்திரிச்சதுதான். இரும்பாட்டம் ஒரு அவசரக்காரப் பொருளு கெடையாது பாத்துக்கங்க. காத்துப் பட்டாத் துரு, தண்ணி பட்டாத் துரு, நம்ம கை வேர்வை பட்டாக்கூடத் துரு. அதை மூடோணும். மொதல்ல எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கோணும், அப்பறம் ஆசிட்டுல போட்டுத் துரு எடுக்கோணும், அப்பறம் காப்பர், அதுமேல நிக்கல், அதுமேல குரோம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல தண்ணி. ஒரு எடத்துல ஏமாத்துனாலும் பின்னால காட்டிக் குடுத்துரும். எங்க கம்பெனில ஏமாத்தறதுக்கு நான் விட மாட்டன். விட்டதில்ல. எங்க மொதலாளியே சொல்லுவாரு, சென்னியப்பன் தொட்டிகிட்ட நிக்கறான்னா நான் நிம்மதியாத் தூங்குவன்னு.

இதை எதுக்குச் சொல்றன்னா, எனக்குத் தெரியாம நடந்ததுன்னு நீங்க நெனச்சுரக்கூடாது.

ருக்குமணிக்கு ரெண்டு வயசுல போலியோ வந்துருச்சுங்க. எடது காலு. தெரிஞ்சுதான் கட்டுனன், யாரும் ஏமாத்திக் கட்டி வெக்கல. நல்ல மனுசி. பத்து வார்த்தை பேசற எடத்துல ரெண்டு வார்த்தை பேசுவா, அந்த ரெண்டும் சரியா இருக்கும். கல்யாணம் காட்சின்னா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம். வாசல்ல அவளை எறக்கி உட்டுப்போட்டு நான் வண்டி நிறுத்தப் போயிருவன். எங்க போனாலும் வண்டி நிறுத்த எடம் கெடைக்கறது சிரமமா இருக்குதுங்க. அவ மெதுவா நடந்து உள்ள போயி உக்காந்ததுக்கப்பறம் நான் போயிச் சேருவன். அது ஒரு பழக்கமாயிப்போச்சு.

அவளுக்கு ஒரே தம்பி, பூபதி. எங்க பக்கம் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கற லட்சணம் உங்களுக்கும் தெரியும். முப்பத்தொம்பது வயசு வரைக்கும் சாதகத்தைத் தூக்கீட்டு அலைஞ்சான். போன தை மாசந்தான் ஒரு பொண்ணு அமைஞ்சுது. ருக்குமணிக்கு இருந்த சந்தோசத்தை நான் இப்ப எப்படிச் சொல்றது. அவளைக் கட்டுன இருவத்தி ரெண்டு வருசத்துல அவ பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அந்த மாசந்தான்.

எங்க கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டுங்க. மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ கூறைச்சேலை வெச்ச பேழைக்கூடையை ஏந்திக்கிட்டு மாப்பிள்ளை பக்கத்துல நிக்கோணும். கூடப்பொறந்தவளுக்கு உண்டான சீரு. ஒரு தம்பிக்கு ஒருக்காத்தான் வரும். அவ அதுக்குன்னு ஒரு மாம்பழக் கலரு பட்டுச்சேலை எடுத்து வெச்சிருந்தா.

அங்கதான் செல்லாத்தா பெரியம்மா வாயைத் தொறந்துச்சு. எங்க மாமியாளோட அக்கா. வாய் இருக்குதே, ஊருக்கே ஒலிபெருக்கி. "சீரு முடியற வரைக்கும் நின்னுட்டே இருக்கோணுமே, பாவம், அவளால ஆகுமா? சித்தப்பன் மவ கலாமணி இருக்கறால்ல, அவளை நிக்க வெச்சரலாம்"ன்னு. பாவம்னு சொல்லிச் சொல்லியே ஒருத்தியை ஒதுக்கற வித்தை அதுக்கு அத்துபடி. ஞாயித்துக்கெழமை கல்யாணம். வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் எங்க ஊட்டுக்கு வந்து பேசி முடிவு பண்றதுன்னு ஆச்சு.

ருக்குமணி என்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஏனுங்க, காலிப்பர் கம்பில பழைய பூச்சு உரிஞ்சு துரு கெளம்பியிருக்குது. பட்டுல கறை புடிக்கும். சித்தத் தேச்சு எண்ணெய் போட்டுக் குடுங்க, போதும்."

அவ கேட்டது எண்ணெய். நான் குடுத்தது குரோம்.

எனக்குள்ள ஒரு வீம்பு வந்துருச்சுங்க. இருவத்தாறு வருசமா ஊரான் ஊட்டு இரும்பையெல்லாம் கண்ணாடியாக்குனவன், என்ற பொண்டாட்டி துருப்புடிச்ச கம்பிய மாட்டீட்டு மேடை ஏறறதான்னு. வெள்ளிக்கெழமை காலைல காலிப்பரைக் கையோட எடுத்துட்டுக் கெளம்பிட்டன். அது இல்லாம அவளுக்கு நடக்க முடியாது. ஊட்டுக்குள்ளயே கையை முட்டில ஊனிக்கிட்டு, செவுத்தைப் புடிச்சுட்டுத்தான் போகோணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்துருவீங்களான்னு கேட்டா. ஆறு மணிக்கு உன்ற காலடியில இருக்கும்னு சொன்னன். வாசப்படி எறங்கறப்ப இன்னொண்ணும் சொன்னா. "அந்த முட்டி ஸ்குரூவை மட்டும் தொடாதீங்க. இன்னாசி அண்ணன் கழட்டக்கூடாதுன்னிருக்காரு. அது கருப்பாவே இருக்கட்டும், திருஷ்டிக்கு."

சிரிச்சுட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சுட்டேதான் போனன்.

தம்பி, காலிப்பர்னா பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கம்பி. முட்டிகிட்ட மடங்கற மாதிரி ரெண்டு மூட்டு. அந்த மூட்டுக்கு ஒண்ணொண்ணா ரெண்டு கருப்பு ஸ்குரூ. ஒடம்பு பாரம் பூராவும் அந்த ரெண்டு மேலதான் நிக்குது. அதுக்குன்னு கெட்டியான இரும்பாப் பாத்து, சூடு ஏத்தி முறுக்கேத்துன ஸ்குரூவா வாங்கிப் போடறாரு இன்னாசி அண்ணன். சும்மா தெருவுல விக்கற ஸ்குரூவைப் போட மாட்டாரு.

கம்பியெல்லாம் அற்புதமா வந்துச்சுங்க. மத்தியானத்துக்குள்ள நிக்கல் முடிஞ்சு குரோமும் முடிஞ்சுது. மூஞ்சி பாத்துத் தலை சீவலாம். திரும்ப மாட்டறப்பப் பாத்தா, அந்த ரெண்டு ஸ்குரூ மட்டும் கருகருன்னு. பத்துப் பேரு வந்த சபைல ஒருத்தன் மட்டும் அழுக்குச் சட்டை போட்டாப்பல. எனக்குக் கையை வெச்சுட்டுச் சும்மா இருக்க முடியல. கழட்டி ஆசிட்டுல போட்டன். காப்பர், நிக்கல், குரோம். எடுத்தப்ப மணி ரெண்டு.

இங்கதான் ஒரு சங்கதி. கெட்டி இரும்பை ஆசிட்டுல போட்டா, அது ஒரு வாயுவை உள்ள இழுத்துக்கும். ஹைட்ரஜன். தொட்டில கரண்டு உடறப்பவும் இழுக்கும். மெத்துன இரும்புன்னா பாதகமில்ல. ஸ்பிரிங்கு, முறுக்கேத்துன ஸ்குரூ, இந்த மாதிரிக் கெட்டி இரும்புன்னா, உள்ள போனது உள்ளயே தங்கீரும். மேல குரோம் கதவைச் சாத்துனாப்பல மூடீருது. பாக்கறதுக்கு ஒரு கொறையும் தெரியாது. பாரம் ஏத்தி நிறுத்துனம்னா ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு, சொல்லாமக் கொள்ளாம டக்குனு ரெண்டாயிரும். அதுக்குத்தான் பிளேட்டிங் முடிஞ்ச கையோட ஓவன்ல வெக்கோணும். எரநூறு டிகிரி, கொறஞ்சது நாலு மணி நேரம். உள்ள இருக்கறது மெல்ல வெளிய போயிரும். எங்க கம்பெனிச் செவுத்துல பெயிண்டுல எழுதியிருக்குதுங்க, "கெட்டி இரும்பு ஓவன் பாக்காமல் வெளியே போகக்கூடாது"ன்னு. எழுதுனது நாந்தான். எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும்.

அன்னைக்குப் பாத்துக் கரண்டு போயிருச்சுங்க. ஓவன் போட முடியல.

என்ன பாக்கறீங்க? கரண்டு இல்லாம நிக்கலும் குரோமும் எப்படி ஏறுச்சுங்கறீங்களா? சூட்டிகையான ஆளுதான் நீங்க.

எங்க தொட்டில ஒரு வேடிக்கை உண்டு தம்பி. இரும்பைக் கொண்டுபோயிக் காப்பர் ஆசிட்டுல சும்மா முக்குனா, கரண்டே வேண்டியதில்ல, செவசெவன்னு ஆயிரும். புதுசா வேலைக்கு வந்தவன் பாத்துட்டு, அட, வேலை முடிஞ்சுதுன்னு நெனப்பான். நகத்துல சொரண்டுனா மாவாட்டம் உதிர்ந்துரும். கரண்டு போச்சுன்னு நான் சொன்னதும் அந்த மாதிரி ஒரு பூச்சுதானுங்க. எட்டு மாசமா எனக்கு நானே பூசிப் பூசிப் பாத்துட்டு இருக்கறன். நிக்க மாட்டீங்குது.

நெசம் என்னன்னா, ஓவன்ல அன்னைக்கு ஒரு கம்பெனிக்காரன் ஸ்பிரிங்கு வேகுது. அவங்க சரக்கைப் பத்துல ஒண்ணு எடுத்து ஒடச்சுப் பாப்பாங்க, அதனால நாங்க ஒரு நிமிசம்கூடக் கொறைக்கறதில்ல. ஓவன் ரொம்பியிருந்துச்சு. எடமில்ல.

சரி, மேல கேளுங்க.

ஆறு மணிக்கு ஊட்டுக்குப் போயிட்டன். எல்லாரும் உக்காந்திருக்காங்க, கலாமணியும் வந்திருக்கறா. செல்லாத்தா பெரியம்மா பேச்சை ஆரம்பிச்சுருச்சு. நான் துண்டுல சுத்தி வெச்சிருந்த காலிப்பரை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்துல காட்டுனன். கூடம் முழுக்க ஒரு வெளிச்சம் ஓடுச்சு. பெரியம்மா வாயி அப்படியே நின்னுபோச்சு. "அடேயப்பா, வெள்ளில செஞ்சாப்பலயில்ல இருக்குது"ன்னுச்சு. ருக்குமணி மாட்டிக்கிட்டு கூடத்துல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடந்தா. பூபதி கண்ணுல தண்ணி. "எங்க அக்காதான் நிக்கோணும், வேற யாரும் வேண்டாம்"னுட்டான். பேச்சு முடிஞ்சுது.

எல்லாரும் போனதுக்கப்பறம் அவ குனிஞ்சு முட்டியைப் பாத்தா. "கருப்பை உட்டிருக்கலாம்ல"ன்னா. அவ்வளவுதான். திட்டல. நான்தான், உனக்கு எது செஞ்சாலும் ஒரு கொறைன்னு சலிச்சுக்கிட்டன்.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து வாசல்ல வண்டியைப் பூபதியோட சிநேகிதன்கிட்டக் குடுத்துட்டு, அவகூடயே நான் உள்ள நடந்து போனனுங்க. தோளோட தோளா. அவ ஒரு எட்டு, நான் ஒரு எட்டு. சனம் பாத்துச்சு. பாக்கட்டும்னு நெஞ்சை நிமித்திட்டு நடந்தன். அவகூட அப்படி ஒரு சபைக்குள்ள நான் நடந்தது அன்னைக்குத்தான் மொதல் தடவை. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. சந்தோசமாப் பாத்தான்னு அன்னைக்கு நெனச்சன்.

சீரு ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை நிக்கறான், பக்கத்துல மாம்பழச் சேலைல அவ. கையில பேழைக்கூடை, அதுக்குள்ள கூறைச்சேலை. சீரு செய்யறவரு ஒண்ணொண்ணா சொல்லிச் செய்யறாரு. பத்து நிமிசம் ஆச்சு. பதினஞ்சு ஆச்சு. அசையாம நிக்கறா. செல்லாத்தா பெரியம்மாவை நான் ஒரு பார்வை பாத்தன், எப்படின்னு.

டக்குன்னு ஒரு சத்தம்.

சின்னச் சத்தந்தானுங்க. நாதஸ்வரத்துக்கு நடுவுல யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு. எங்க தொழில்ல ஓவன் பாக்காத ஸ்பிரிங்கு ரேக்குல இருந்தபடியே ஒடையும், அதே சத்தம். அவ சாயறா. கூடையை ரெண்டு கையாலயும் மேல தூக்கிப் புடிச்சுட்டா, கூறைச்சேலை தரையில படக்கூடாதுன்னு. கையை ஊனியிருந்தா தப்பிச்சிருப்பா. ஊனல. முழங்கை மேடை விளிம்புல அடிச்சு எலும்பு முறிஞ்சுது.

நான் அப்ப என்ன செஞ்சன் தெரியுங்களா? ஓடிப்போயித் தூக்கியிருப்பன்னு நெனப்பீங்க. எல்லாரும் பாத்துட்டாங்களேன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. அத்தனை பேரு முன்னால, "பாத்து நிக்கத் தெரியாதா உனக்கு"ன்னு கத்துனன். உளுந்து கெடக்கறவளைப் பாத்து. அவளைத் தூக்குனது பூபதியும் கலாமணியும். நான் குனிஞ்சன், குனியலைன்னு இல்ல. என்ற காலுகிட்ட ஸ்குரூவோட தலைத்துண்டு உருண்டு வந்து கெடந்துச்சு. அதை எடுத்தன். இழுபட்டு ஒடஞ்ச இரும்புன்னா மெலிஞ்சு நீண்டிருக்கும். இது நீளல, வளையல. கல்கண்டை ஒடச்சாப்பல பரல் பரலா மின்னுச்சு. பாத்த மாத்தரத்துல தெரிஞ்சுபோச்சு. சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டன்.

கூடையைக் கலாமணி வாங்கிக்கிட்டு மீதிச் சீரை முடிச்சா. பொண்ணு ஊட்டுப் பக்கம் குசுகுசுன்னு பேச்சு, அபசகுனம் அது இதுன்னு. செல்லாத்தா பெரியம்மா, "நான் அப்பவே சொன்னன்"னு தொடங்குச்சு. ருக்குமணி நாற்காலியில கண்ணை மூடி உக்காந்திருந்தா. எல்லாரு கண்ணும் என்ற மேல. அப்ப என்ற வாயில வந்துச்சு. "அந்த இன்னாசி மட்டமான ஸ்குரூவைப் போட்டிருக்கான்."

அவ்வளவுதானுங்க. சபைக்கே ஒரு நிம்மதி. அபசகுனம் இல்ல, சாமி குத்தம் இல்ல, யாரோ ஒரு பட்டறைக்காரன் தப்பு. பொண்ணு ஊட்டுக்காரங்களே காப்பி கொண்டாந்து குடுத்தாங்க. நான் அதை வாங்கிக் குடிச்சன்.

மறுநாள் பூபதி, கல்யாண மாலை வாடறதுக்குள்ள, இதே வாசல்ல வந்து நின்னு இன்னாசி அண்ணனைக் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டுட்டான். அண்ணன் சாயங்காலமே பஸ் ஏறி எங்க ஊட்டுக்கு வந்தாரு, பையில பட்டறைச் சாமானோட. என்னைவிடப் பத்து வயசு மூத்தவரு. ருக்குமணி கையில மாவுக்கட்டைப் பாத்துட்டுப் பையைக் கீழ வெச்சாரு. உக்காரச் சொன்னா உக்காரல. நின்னுட்டே மீதி இருந்த இன்னொரு ஸ்குரூவைக் கழட்டித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவருக்குத் தோல் தெரியும், கம்பி வளைக்கத் தெரியும், பிளேட்டிங் தெரியாது. மேல பூசற பெயிண்டு மாதிரின்னு நெனச்சுக்கிட்டாரு. "பூச்சு நெம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க தம்பி. என்ற ஸ்குரூதான் உள்ள சரியில்லாமப் போச்சு"ன்னாரு.

என்னைப் பாத்துச் சொன்னாரு தம்பி. பாராட்டி.

"ஒடஞ்ச துண்டு இருந்தாக் குடுங்க, கடைக்காரன்கிட்டக் காட்டிக் கேக்கறன்"னாரு. மண்டபத்துலயே எங்கயோ உளுந்துபோச்சுங்கண்ணான்னு சொன்னன். அப்பவும் அது என்ற பாக்கெட்டுலதான் இருக்குது. அந்த மனுசன் மறுநா மண்டபத்துக்குப் போயி, கூட்டற பொம்பளைங்களையெல்லாம் கேட்டு, குப்பைமேட்டைக் கிண்டிப் பாத்திருக்காரு. மண்டபத்து வாட்ச்மேன் பூபதிகிட்டச் சொல்லி, பூபதி என்கிட்டச் சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சன்.

அதோட உட்டாரா? அந்த ஸ்குரூ எந்த டப்பாவுல இருந்து வந்துச்சோ, அதே டப்பாவுல இருந்து யாராருக்கெல்லாம் போட்டிருக்காரோ, நோட்டுல பாத்துத் தேடிப் புடிச்சாரு. முப்பத்தி நாலு பேரு. வர முடிஞ்சவங்களை வரச்சொன்னாரு. வர முடியாதவங்க ஊட்டுக்கு இவரே போனாரு. அவிநாசி, பல்லடம், ஒரு பாட்டியம்மாவுக்காக வால்பாறை வரைக்கும். ஒண்ணு விடாம மாத்தினாரு. ஒவ்வொருத்தர்கிட்டயும், "என்ற சாமான்ல ஒரு தப்பு நடந்துபோச்சு, ஒரு அம்மா உளுந்துட்டாங்க"ன்னு இவரே சொல்லியிருக்காரு. அப்பறம் புதுசா யாரு வருவாங்க? பேக்கரிக்காரரு வேற, வர்றவங்களையெல்லாம் எச்சரிக்கை பண்ணிட்டு இருக்காரு. பேக்கரிக்காரருக்கு யாரு சொன்னாங்கன்னு பொறகு சொல்றன்னு சொன்னன்ல? நாந்தான் சொன்னன். அந்தக் கல்யாணத்துக்கப்பறம் மொதல் தடவை இவளை இங்க கூட்டிட்டு வந்தப்ப, டீ குடிக்கப் போன எடத்துல. கேட்டாரு, சொன்னன். பொய் ஒருக்கா வாயில பழகிப்போச்சுன்னா டீக்குக் கடிச்சுக்கற பிஸ்கட்டு மாதிரித் தானா வந்துருதுங்க.

அந்தத் துண்டை எடுத்துட்டு இது நாலாவது தடவை வர்றன். ஒவ்வொரு தடவையும் குடுத்துரலாம்னு வருவன், அண்ணன் வாங்க தம்பின்னு எந்திரிச்சு நிப்பாரு, திருப்பி எடுத்துட்டுப் போயிருவன்.

ருக்குமணிக்குத் தெரியாதுங்க. தெரியறதுக்கு வழியில்ல. அவளுக்கு பிளேட்டிங்கைப் பத்தி என்ன தெரியும். ஆனா ஏனோ அவளுக்குப் பளபளப்பே புடிக்காமப் போயிருச்சு. புதுக் காலிப்பருக்கு அளவு குடுக்கறப்ப, "பூச்சு வேண்டாங்கண்ணா, கருப்புப் பெயிண்டு போதும்"னுட்டா. ராத்திரி கழட்டுனா முந்தி கட்டிலுக்கு அடியில வெப்பா. இப்பத் தலைமாட்டுல, அவ பக்கத்துல வெச்சுக்கறா. என்ற கையில குடுக்கறதில்ல. பொம்பளைங்களுக்கு ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு எண்ணம்.

 அப்படிப் பாக்காதீங்க தம்பி.

சரி. ஓவன்ல எடம் இருந்துச்சுங்க. ரெண்டு ஸ்குரூவுக்கு எம்புட்டு எடம் வேணும்? ஒரு தீப்பெட்டி எடம். ஸ்பிரிங்குத் தட்டுக்கு ஓரமாத் தள்ளி வெச்சிருக்கலாம். வெக்கறதுக்குக் கையில எடுத்துட்டுத்தான் போனன். ஓவன் கதவு வரைக்கும் போனன். மணி ரெண்டு. நாலு மணி நேரம்னா ஆறு. ஆறிட்டு, மாட்டிட்டு, ஊடு போயிச் சேர ஏழாயிரும். அதுக்குள்ள அவங்க பேசி முடிச்சுட்டாங்கன்னா? எல்லாரும் உக்காந்திருக்கறப்ப நான் உள்ள நொழஞ்சு அதைக் காட்டோணும். அதுக்காகத்தான். கடையில போயிக் கருப்பு ஸ்குரூ ரெண்டு வாங்கி மாட்டியிருந்தாக்கூடப் போதும். அது பளபளக்காதே. எவனோ கம்பெனிக்காரன் ஸ்பிரிங்குக்கு நாலு மணி நேரம் குடுத்தவன், என்ற பொண்டாட்டி முட்டிக்குக் குடுக்கல. அவளுக்குன்னு செஞ்சன்னு எல்லார்கிட்டயும் சொல்றன். அவளுக்கு எண்ணெய் போதும்னு அவ சொன்னாளே. எனக்குத்தான் பத்தல. அவளை இருக்கறபடி பக்கத்துல வெச்சுட்டு நடக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அன்னைக்கு இருந்தது அந்த வெக்கம். இன்னைக்கு இருக்கறது வேற வெக்கம். இது சோத்துல கையை வெச்சா வருது.

அதனால பாப்பாவுக்கு இங்கயே அளவு குடுங்க. இந்தக் கோயமுத்தூர்ல அவரைவிட நல்ல ஸ்குரூ போடறவன் கெடையாது. ஒண்ணே ஒண்ணு, போட்டதை யாருகிட்டயும் பளபளப்புப் பண்றதுக்குக் குடுத்துராதீங்க. என்னை மாதிரி வேலை தெரிஞ்சவன்கிட்டக்கூட.

தம்பி, மெசின் சத்தம் எப்ப நின்னுச்சு?

உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுட்டே ஏன் சொல்லல? பாப்பா, நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல கண்ணு.

ருக்கு. முடிஞ்சுதா? நான் போயி வண்டி எடுத்துட்டு... இல்ல. இல்ல, நான் போகல. இங்கதான் நிக்கறன். நீ என்னைப் பாக்க வேண்டாம், படியைப் பாத்து எறங்கு. கையைப் புடிச்சுக்கறயா? சரி, வேண்டாம். செவுத்தையே புடிச்சுக்க.

அண்ணா. இந்தாங்கண்ணா, அந்தத் துண்டு. மண்டபத்துல உளுகல. எங்கிட்டத்தான் இருந்துச்சு. வாங்கிக்கங்க. என்னைத் திட்டோணும்னாத் திட்டுங்க, பூபதி உங்களைத் திட்டுன மாதிரி இந்த வாசல்லயே நிறுத்தித் திட்டுங்க. அதைப் போட்டு ஏனுங்கண்ணா அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? என்னங்கண்ணா? சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் கேக்கல.

அந்த டப்பாவுல இருந்ததெல்லாம் நல்ல ஸ்குரூதானான்னு கேக்கறீங்களா?

நல்ல ஸ்குரூங்கண்ணா. முப்பத்தி நாலு பேருக்குப் போட்டதும் நல்ல ஸ்குரூதானுங்க.